தொட்டிக்கு இரண்டு ஓட்டை, குழாய்க்கு ஒன்று

பிளேடைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடித் தொட்டியின் அடிப்பக்கத்தில் காய்ந்து கிடந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் அக்கா. வலது கையில் பிளேடு, இடது கையில் வினிகரில் நனைத்த துணி. சுரண்டுவாள், துடைப்பாள், விரலால் தடவிப் பார்ப்பாள், மறுபடி சுரண்டுவாள். கூடத்தின் நடுவில் பழைய போர்வையின் மேல் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில், ஒரு மூலையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்று பெரிது, ஒன்று சற்றுச் சின்னது.

"ஏங்க, தண்ணி நிக்கிறதுக்குத்தானே தொட்டி? அடியிலயே ரெண்டு ஓட்டை போட்டு வித்திருக்கான் ஒருத்தன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"அது ஓட்டை இல்லம்மா, வழி," என்றார் அவள் வீட்டுக்காரர், நாற்காலியை விட்டு எழாமலே. "கடல் மீன் தொட்டின்னா இப்படித்தான். மேல இருந்து தண்ணி கீழ இறங்கும். கீழ பெட்டிக்குள்ள ஒரு சின்னத் தொட்டி. அங்க சுத்தமாகி பம்பு வழியா மறுபடி மேல வரும். லிஃப்ட் மாதிரின்னு வெச்சுக்கயேன்."

"லிஃப்ட் அறுந்தா?"

"அதுக்கு பிரேக் இருக்கு."

"இதுக்கு?"

அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்கு மாறியவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அந்தக் கட்டில் காஞ்சுதான் இருக்கு, இப்பத்தான் மாத்தினோம்" என்று முந்தைய டியூட்டிக்காரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். மெத்தை வரை ஈரம். அன்றோடு சரி. காது கேட்டதைக் கையும் ஒப்புக்கொண்டால்தான் அவளுக்கு அது செய்தி, இல்லையென்றால் வதந்தி. வார்டில் 'தொட்டுப்பார் அக்கா' என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து, தெருவுக்கே அக்கா ஆனாள்.

அவள் கல்யாணமும் சந்தேகத்தில்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்த்த மெக்கானிக், "ஏறலாம்" என்றார். இவள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளாமல் நின்றாள். "முதல்ல நீங்க ஏறுங்க. உள்ள நின்னு குதிங்க." அவர் குதித்தார். "இன்னொரு தடவை." மறுபடியும் குதித்தார். சொன்னதும் இரண்டு தடவை குதிக்கிற ஆண்பிள்ளையைக் கைநழுவ விடக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும், அவரையே கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகும் குதிக்க வைப்பதை நிறுத்தவில்லை என்பார் அவர்.

அந்த மனிதருக்குத்தான் போன வருடம் நெஞ்சுவலி வந்தது. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அதை எடுத்து, வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவர். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடித்து, போட்டதற்கே மறுபடி போட ஆரம்பித்தபோது, பல் டாக்டரிடம் போகும்படி ஆயிற்று. அங்கே காத்திருக்கும் இடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி. அதன் முன்னால் உட்கார்ந்தவர், உள்ளே கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வலிக்கிற பல்லை மறந்துவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். புதுத் தொட்டி வாங்க வசதியில்லை. பழைய தொட்டி ஒன்று, பெட்டி, பம்போடு விலைக்கு வந்தது.

விற்றவர் ஒரு தையல்காரர். சற்றுத் தள்ளியிருந்த தெருவில் கீழே கடை, மேலே வீடு. "ஏன் விக்கிறீங்க?" என்று அக்கா கேட்டாள். "இடம் பத்தல தங்கச்சி" என்றார். அவர் வீட்டுக் கூடத்தில் சைக்கிள் ஓட்டலாம். அதை அக்கா மனதில் போட்டு வைத்தாள். அதோடு போகவில்லை. குழாய் மாட்டும்போது தானே வந்து கூட நிற்பதாகச் சொன்னார், கூலி எதுவும் வேண்டாமாம். விற்றதும் ஃபோனை எடுக்காதவர்களைத்தான் அக்கா பார்த்திருக்கிறாள். விற்ற பொருளின் பின்னாலேயே வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். தினமும் டீ நேரத்துக்கு ஃபோன் வேறு: "குழாய் மாட்டியாச்சா? தண்ணி விட்டாச்சா?"

"எதையோ எதிர்பாத்துக்கிட்டே கேக்கிறாரு அந்த ஆளு," என்றாள் அக்கா.

"அக்கறைம்மா."

"எனக்கே என் பேஷண்டு மேல தினம் தினம் அவ்வளவு அக்கறை வராது. எனக்கு அதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்க."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அது கீழ்வீட்டில் குடியிருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரி, கீழ்வீட்டம்மா. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் ஒரு தடவை கழன்று, மேலிருந்து இறங்கிய தண்ணீர் அந்த அம்மாவின் கூடத்துக் கூரையில் பழுப்பாகப் படம் வரைந்துவிட்டது. வெள்ளையடித்தும் மறையவில்லை. "இன்னொரு தடவை என் தலையில ஒரு சொட்டு விழுந்தா, நீங்க வேற வீடு பாத்துக்குங்க. சண்டை போடமாட்டேன், சாவியை வாங்கிப்பேன்," என்று அமைதியாகச் சொன்னார். கத்துகிறவர்களை அக்கா சமாளித்துவிடுவாள். அமைதியாகப் பேசுகிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். இந்த வீட்டிலிருந்து இதய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டவரை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது அந்த அருகாமையால்தான். இனி இப்படியொரு வீடு கிடைக்காது.

இதெல்லாம் தெரிந்திருந்தும், தொட்டியைப் போர்வை சுற்றிப் படியேற்றியபோது எதிரே வந்த கீழ்வீட்டம்மாவிடம் அவள் வீட்டுக்காரர், "கண்ணாடி அலமாரிங்க" என்று சொல்லி வைத்தார். மறுநாள் பிவிசி குழாய்கள் மேலே போயின.

"அலமாரிக்கு எதுக்குங்க குழாய்?"

"அது வந்து... திரைச்சீலை மாட்ட."

கீழ்வீட்டம்மா குழாயின் பருமனைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

பிளம்பர் வந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். தொட்டியின் மூலையில், இரண்டு ஓட்டைகளையும் சுற்றிக் கறுப்புத் தடுப்பு ஒன்று உள்ளே நின்றது. தொட்டி நிறைந்தால் மேல்தண்ணீர் அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே வழியும். வழிந்ததை ஓட்டைகள் வழியாகக் கீழே கொண்டுபோக வேண்டும். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு இறங்க, ஒண்ணு ஏற. பெரிசுல தண்ணி இறங்கட்டும், சின்னதுல பம்புக் குழாய் மேல வரட்டும். மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்க்கா."

"இறங்குற குழாய் அடைச்சுக்கிட்டா?"

"அது ஏன் அடைக்கப் போகுது?"

"அடைக்கும். நான் பாத்த குழாயெல்லாம் ஒரு நாள் அடைச்சிருக்கு. இதோ உக்காந்திருக்காரே, இவரு நெஞ்சுக்குள்ள இருக்கிறதே அடைச்சுக்கிச்சு."

"என்னை ஏன் இழுக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

அந்த நேரம் பார்த்து டீ நேரத்து ஃபோன் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் தையல்காரர் பதறிவிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "வேணாம் வேணாம்! ரெண்டு ஓட்டையையும் இறங்கவே விடுங்க. பெரிசு வழியா முழுத் தண்ணியும் இறங்கணும். கீழ ஒரு கேட் வால்வு வெச்சு அளவு கட்டினா சத்தமே வராது. சின்ன ஓட்டையில இன்னொரு குழாய், ஒரு விரல் உசரம் அதிகமா நிறுத்துங்க. அதுல தண்ணி போகக் கூடாது. முதல் குழாய் அடைச்சாத்தான் அது வேலை செய்யும். பம்புக் குழாய்க்கு ஓட்டையே வேணாம், பின்பக்கக் கண்ணாடிக்கு மேலால வளைச்சு உள்ள விட்டுரலாம்."

"தண்ணியே போகாத குழாயா? அதுக்கு எதுக்கு தண்டச் செலவு?" என்று பிளம்பர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. யோசனை எது சரி என்பது அப்புறம். ஒருத்தர் இவ்வளவு பதறினால், அவர் எதையோ பார்த்திருக்கிறார். பார்த்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். 'நாளைக்கு வாங்க' என்று பிளம்பரை அனுப்பிவிட்டு, தொட்டியோடு வந்த மரப்பெட்டியின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பலகை பலகையாக அழுத்திக்கொண்டே போனாள். பின்மூலையில் கட்டைவிரல் உள்ளே இறங்கியது. புதுப் பெயிண்டுக்கு அடியில் பலகை ஊறி, உப்பி, மாவாகியிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனாள்.

"அண்ணே, உங்க பெட்டியோட அடிப்பலகை ஊறிக் கிடக்கு. மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கீங்க."

தையல் இயந்திரம் நின்றது. தையல்காரர் வாயிலிருந்த நூலை எடுத்தார். பின்னாலிருந்த திரை விலகி, அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "சொல்லுங்க, சொல்லுங்க. நானும் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றாள்.

தையல்காரர் சொன்னார். அவரும் அந்தப் பிளம்பர் சொன்ன மாதிரிதான் மாட்டியிருந்தார். ஒன்று இறங்க, ஒன்று ஏற. தொட்டியில் கண்ணாடியைச் சுத்தம் செய்ய விட்ட நத்தை ஒன்று, ஒரு நாள் தடுப்பைத் தாண்டிப் போய், இறங்குகிற குழாயின் வாயில் உட்கார்ந்துவிட்டது. கீழிருந்து பம்பு தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. இறங்க வழியில்லை. எல்லாம் விளிம்பு தாண்டி வழிந்து, மாடியிலிருந்து கடைக்குள் இறங்கியது. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அங்கே அடுக்கியிருந்தது.

"எல்லாம் உப்புத் தண்ணி," என்றாள் மனைவி. "துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு. தொட்டியா நானான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒரு வாரம் யோசிச்சாரு."

"முழுசா ஒரு வாரம் இல்ல தங்கச்சி," என்றார் தையல்காரர்.

"சரி. இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா? அதான், உங்க வீட்டுலயும் அப்படி ஆகிடக் கூடாதேன்னு தினம் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பதிலில் பாதியைத்தான் அக்கா எடுத்துக்கொண்டாள். மீதியை மனைவி கொடுத்தாள். "அதெல்லாம் இல்ல. இவரோட ரெண்டு மீனு இன்னும் மீன் கடைக்காரர்கிட்டதான் இருக்கு. உங்க தொட்டி நிறைஞ்சா அதுங்களை அங்க விட்டுட்டு, தினம் சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போகலாம்னு இவரு போட்ட கணக்கு."

தையல்காரர் குனிந்து நூலைக் கோக்க ஆரம்பித்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

அக்காவுக்கு மூச்சு சீரானது. காரணமே இல்லாத நல்ல மனசைத்தான் அவளால் நம்ப முடியாது. ஆதாயம் என்னவென்று தெரிந்துவிட்டால் ஆளோடு பழகிவிடுவாள்.

மறுநாள் பிளம்பரிடம், "ரெண்டும் இறங்கட்டும்" என்றாள். "வார்டுல ஒருத்தி டியூட்டி பாக்கும்போது இன்னொருத்தி கை காலியா உக்காந்திருப்பா. அவ சும்மா இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நல்லது. அந்த மாதிரி இந்தக் குழாயும் சும்மா இருக்கட்டும்." பிளம்பர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஓட்டைகளில் ரப்பர் வாஷர் போட்டு, குழாய் மாட்டுவதற்கான டேங்க் நிப்பிளை இறுக்கினார். கீழே கேட் வால்வு வைத்தார். ஊறிய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டுக்காரர் பெட்டிக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தது அன்றுதான். அக்கா அதைக் கவனித்தாள். சட்டம் ஆடுகிறதா என்பதையும் அசைத்துப் பார்த்தாள்.

பம்பிலிருந்து மேலே போகும் குழாயைத் தையல்காரரே கொண்டுவந்து கொடுத்தார். இதே தொட்டியில் அவர் பின்னாளில் மாட்டிப் பார்த்ததாம். தொட்டியின் பின்கண்ணாடி மேல் மாட்டுகிற மாதிரி கொக்கியாய் வளைந்த சாம்பல் நிறக் குழாய். "இது என் அன்பளிப்பு" என்றார். கூடத்தில் வீட்டுக்காரரிடம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று விளக்கிவிட்டுப் போனார். அக்கா அப்போது அடுக்களையில் இருந்தாள்.

அன்பளிப்பு என்ற சொல்லே அவளுக்கு உறுத்தியது. எந்த டியூபையும் ஆளுக்குச் செருகும் முன் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அவள் பழகிய வேலை. எல்லாரும் போன பிறகு, குழாயைக் குளியலறைக்கு எடுத்துப்போனாள். ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, மறுமுனையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரைத் திறந்தாள். நூல் போல ஒரு பீச்சு நேராக அவள் கண்ணில் அடித்தது. வளைவுக்குக் கீழே, கண்ணாடியைப் பார்த்து நிற்கிற பக்கத்தில், தடித்த ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

'மறுபடியுமா!' ஏமாற்றுகிறவன் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. ஊறின பலகையைக் கேட்டதும் ஒப்புக்கொண்டான், இதைக் கேட்கும்வரை காத்திருக்கிறான். வீட்டுக்காரரிடம் சொன்னால் தையல்காரருக்கு வக்காலத்து வாங்குவார். அக்கா எதுவும் பேசாமல், பிசைந்து அடைக்கிற பசையை எடுத்து உருட்டி, துளையில் அழுத்தி, கட்டைவிரலால் தேய்த்து மழுப்பினாள். தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு துளி வரவில்லை. சமயம் வரும்போது தையல்காரரிடம் சொல்லிக்காட்டலாம் என்று அதை முந்தானையில் முடிந்து வைத்த மாதிரி மனதில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் விட்டுப் பார்க்கிற நாள் வந்தது. உப்பு இன்னும் கலக்கவில்லை. முதலில் வெறும் தண்ணீர். மாலை வெளிச்சம் கூடத்தில் இருந்தது. தையல்காரர் அயர்ன் செய்த சட்டையில் வந்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் அக்கா. உள்ளே போய், படுக்கையில் கிடப்பவர்களுக்கு விரிக்கிற பெரிய ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்தாள். பெட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அதன் அடியில் விரித்தாள். நாலு பக்கமும் துண்டுகளைச் சுருட்டி விரிப்பின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து வரப்பு மாதிரி உயர்த்தினாள்.

"தொட்டிக்கு யாராவது படுக்கை விரிப்பாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"படுக்கையை நனைக்கமாட்டேன்னு அது எழுதிக் குடுத்திருக்கா?"

தண்ணீர் நிறைந்தது. பம்பைப் போட்டார்கள். தடுப்பைத் தாண்டி மெல்லிசாக வழிந்து உள்ளே இறங்கியது. முதலில் கடகடவென்று சத்தம். தையல்காரர் கேட் வால்வைத் திருகத் திருகச் சத்தம் மெலிந்து, நின்றே போனது. அக்கா ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தை ஒற்றிப் பார்த்தாள். காய்ந்த காகிதம் காய்ந்தபடியே வந்தது. பிறகு தொட்டிக்குள் கையை விட்டு, இறங்குகிற குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என்ன பண்றே?"

"நான்தான் நத்தை."

தடுப்புக்குள் தண்ணீர் ஒரு விரல் ஏறியது. இரண்டாவது குழாய் பெரிய சத்தத்தோடு விழுங்க ஆரம்பித்தது. விளிம்பு தாண்டவில்லை. அக்கா கையை எடுத்தாள். தையல்காரரைப் பார்த்து முதல் தடவையாகத் தலையாட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி தங்கச்சி. கரண்ட் போனா என்ன ஆகும்னு பாக்கணும். சுவிட்ச அணைங்க."

வீட்டுக்காரர் அணைத்தார். பம்பு நின்றது. ஏறின தண்ணீர் இப்போது வந்த வழியே திரும்பி, வளைந்த குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கியது. "கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க. இப்ப நின்னுரும் பாருங்க," என்றார் தையல்காரர்.

நிற்கவில்லை.

"இதோ... இப்ப."

கீழ்த்தொட்டி பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. "நிக்கணுமே?" என்று தையல்காரர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். விளிம்பில் தண்ணீர் ஒரு கணம் திரண்டு நின்று, பிறகு நாலு பக்கமும் வழிந்தது.

"அண்ணே, என்ன குழாய் குடுத்தீங்க!" வீட்டுக்காரர் கத்தினார். "பம்பைப் போடறேன், மேல ஏத்திரலாம்" என்று பெட்டிக்குள் கிடந்த சுவிட்ச் பெட்டிக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! ஈரம்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது. "சுவரு பிளக்கைப் பிடுங்குங்க முதல்ல!" முக்காலியைக் காலால் இழுத்து, ஏறி, பின்கண்ணாடியில் மாட்டியிருந்த குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். குழாயின் வாய் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கொரகொரவென்று காற்றை உறிஞ்சிக்கொண்டது. கீழே இறங்கின தண்ணீர் சட்டென்று நின்றது.

கையில் தூக்கிய குழாயோடு அக்கா முக்காலியிலேயே நின்றாள். அவள் கண்ணுக்கு நேரே இருந்தது, மழுப்பிய பசை. அந்தத் துளை இருக்க வேண்டிய இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. மட்டம் அதுவரை இறங்கினதும் துளை வெளியே வரும், காற்று உள்ளே போகும், தண்ணீர் நிற்கும். தண்ணீர் வெளியேற அல்ல, காற்று உள்ளே போக வைத்த வழி. கண்ணாடி பாட்டிலில் சலைன் ஏற்றிய காலத்தில், ரப்பர் மூடியில் காற்றுக்கென்று தனியாக ஓர் ஊசி குத்தி வைப்பார்கள். புதிதாக வந்த ஒருத்தி, 'இது எதுக்குச் சும்மா?' என்று அதைப் பிடுங்கினபோது, அவள் புறங்கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தவள் அக்கா.

"அவரைத் திட்டாதீங்க," என்றாள் வீட்டுக்காரரிடம். "இதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. நான்தான் அடைச்சேன்."

தையல்காரர் வாயைப் பிளந்தார். "அது நான் போட்ட ஓட்டை தங்கச்சி! இவர்கிட்ட விவரமாச் சொன்னேனே!"

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"உங்கிட்ட சொன்னா நம்பவா போற? விடிய விடிய என்னைக் கேள்வி கேப்பேன்னு விட்டுட்டேன்," என்றார் அவர்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ரொம்ப மெதுவாக, நிதானமாக.

கீழ்வீட்டம்மா உள்ளே வந்தார். முக்காலி மேல் நின்ற அக்காவைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். திரைச்சீலைக் குழாய்களைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்தார். ரப்பர் விரிப்பு முழுக்கத் தண்ணீர், குளம் மாதிரி, நாலு பக்க வரப்புக்குள் அசைந்துகொண்டிருந்தது.

"அலமாரில துணிதான் வெப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்து விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"காலையில பேசிக்கலாம்." வந்த மாதிரியே மெதுவாக இறங்கிப் போனார்.

தையல்காரர் தன் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, கோப்பையால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார். அக்கா விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்தாள். தரை காய்ந்திருந்தது. இன்னொரு மூலை. அங்கும் காய்ந்திருந்தது. ஆனால் கூரையில் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கீழே போய்த்தான் பார்க்க முடியும். அது அவள் கைக்கு எட்டாத இடம்.

"இத்தனை வருஷத்துல நீ தப்புன்னு ஒப்புக்கிட்டது இதுதான் முதல் தடவை," என்றார் வீட்டுக்காரர் மெல்ல. "சாட்சிக்கு ஆளும் இருந்தாரு."

"சந்தோஷப்பட்டுக்கோங்க. நாளைக்கு வீடு தேடும்போது கூட வாங்க." தொட்டியைக் காட்டினாள். "அந்தம்மா போகச் சொன்னா, முதல்ல போறது இதுதான். நாம அப்புறம். புரியுதா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அன்று விசில் வரவில்லை.

மறுநாள் காலை, தையல்காரர் விட்டுப்போன தடித்த ஊசியை இடுக்கியில் பிடித்து, அக்கா அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சினாள். பசையின் நடுவில் குத்தித் துளையைத் திறந்தாள். வாயால் ஊதிப் பார்த்தாள். தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டு, அணைத்து, தண்ணீர் துளைக்கு நேரே வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தாள். அப்புறம் கீழே போனாள்.

"இங்க ஒரு ஸ்டூல் இருக்குமா? உங்க கூரையைத் தொட்டுப் பாக்கணும்."

கீழ்வீட்டம்மா ஸ்டூலைக் காட்டினார். அக்கா ஏறி, பழைய பழுப்புக் கறையில் தொடங்கி, தொட்டிக்கு நேர் கீழான இடம் வரை உள்ளங்கையை நகர்த்தினாள். இறங்கி, அந்தக் கையை அப்படியே நீட்டினாள். கீழ்வீட்டம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். போதவில்லை, தானும் ஏறி, கூரையைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அலமாரின்னு சொன்னது பொய். தண்ணி வழிஞ்சது நான் பண்ணின தப்பு. சரி பண்ணிட்டேன். மேல வந்து நீங்களே சுவிட்ச அணைச்சுப் பாருங்க. நிக்கலைன்னா சாவியை இப்பவே குடுத்துடறேன்."

கீழ்வீட்டம்மா மேலே வந்து அணைத்தார். தண்ணீர் இறங்கியது, காற்றை உறிஞ்சியது, நின்றது. போட்டார். கீழே எட்டிப் பார்த்தார். மறுபடி அணைத்தார். மறுபடியும் நின்றது.

"இந்த ரப்பர் இங்கயே கிடக்கணும். எடுக்கக் கூடாது," என்றார் கடைசியில். "வாராவாரம் நானே வந்து அணைச்சுப் பாப்பேன். சொல்லிட்டு வரமாட்டேன்."

"வாங்க," என்றாள் அக்கா.

வாசல்வரை போன கீழ்வீட்டம்மா திரும்பினார். "மீனு எப்ப வரும்?"

கேட்டது சோதனை போடவா, வேடிக்கை பார்க்கவா என்பது அக்காவுக்கு விளங்கவில்லை. "உப்பு கலந்து, தண்ணி பழகி, அப்புறம்தாங்க" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தியதும், தையல்காரருக்கும் மீன் கடைக்காரருக்கும் ஃபோன் போகும் முன் தன் வேலையை முடித்தாள். ரப்பர் விரிப்பைக் கிடந்த இடத்திலேயே சோப்புப் போட்டுத் துடைத்து, உலரவிட்டு, ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவினாள். பிறகு காய்ந்த துண்டுகளைச் சுருட்டி, நாலு ஓரத்துக்கும் மறுபடி வரப்புக் கட்டினாள்.